படைச்சேவைக்கு நிலம் பெற்ற முன்னோர்: கீழ்க்கரை முஸ்லிம்களின் பூர்வீகம் பற்றிய கொள்கைகளும் அவற்றின் சான்றுகளும்

இலங்கையின் கீழ்க்கரையிலுள்ள கல்முனைக்குடியிலே ஒரு குடும்பத்தின் பூர்வீகத்தை விசாரிக்கப் புகுவோர்க்கு மூத்தோர் வாயிலாகப் பெரும்பாலும் இரண்டு விடைகள் கிடைக்கின்றன. போர்த்துக்கேயர் தம் ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது கண்டியரசனாகிய செனரத் அவர்களை ஆதரித்து மட்டக்களப்புப் பிரதேசத்திலே குடியிருத்தினான், அக்கூட்டத்தாரின் வழிவந்தவர்களே நாம் என்பது ஒன்று. அதற்கும் முன்னே, இப்பிரதேசத்தின் ஆதிக்கத்துக்காகத் திமிலர் என்னும் குலத்தாரோடு பொருத முக்குவர் குலத்தாருக்குப் படைத்துணையாக நின்ற முஸ்லிம் வீரர், வெற்றிக்குக் கைம்மாறாக நிலமும் பெண்ணும் பெற்று இங்கே நிலைத்தனர் என்பது மற்றொன்று. காலத்தாலும் பாத்திரங்களாலும் வேறுபட்ட இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்து நோக்கினால், ஆயுதம் தாங்கிச் செய்த சேவை, அதற்கு ஈடாகப் பெற்ற நிலம், அந்நிலத்திலிருந்து கிளைத்த சந்ததி என்னும் ஒரே அமைப்பு இரண்டிலும் இருப்பது புலப்படும்.

இவ்வமைப்பின் துணைகொண்டு ஒரு குடும்பம் தன் முன்னோன் ஒருவனை உண்மையாகவே சென்றடைய முடியுமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா. இதற்கு நூற்றாண்டுகளாகப் பலர் பலவாறு விடை கூறியிருக்கின்றனர். போர்த்துக்கேயப் பாதிரிமாரும், ஒல்லாந்த அதிகாரிகளும், ஆங்கிலேயர் காலத்து நீதிபதிகளும், நம் நாட்டுப் புலவரும், மேனாட்டு மானிடவியலாளரும் அவ்வரிசையில் அடங்குவர். அவ்விடைகள் எங்கிருந்து பிறந்தன, எவ்வளவு பாரத்தைத் தாங்கவல்லன என்பதை நிதானமாக அளந்து பார்ப்பது, இக்கரையின் மக்கள் தம் சரித்திரத்துக்குச் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்றாகும்.

படைநிலம் என்னும் பழைய வழக்கம்

சேவைக்கு நிலம் கொடுக்கும் சம்பிரதாயம் தமிழுலகுக்கும் ஈழத்துக்கும் புதியதன்று. போரிலே உயிர்நீத்த வீரனின் குடும்பத்துக்கு நிலம் வழங்கி அதனை உதிரப்பட்டி என்று கல்லிலே பொறித்த வழக்கம் தமிழகத்துச் சாசனங்களில் காணப்படுகிறது. 1215ஆம் ஆண்டளவிலே இலங்கைமீது படையெடுத்துப் பொலன்னறுவையிலிருந்து அரசாண்ட மாகன், சிங்களவருக்குரியனவாயிருந்த வயல்களையும் தோட்டங்களையும் வீடுகளையும் மாடுகளையும் தன் கேரளப் படையினருக்குக் கையளித்தான் என்று சூளவம்சம் பெருந்துயரோடு கூறுகிறது. கண்டி இராச்சியத்தின் ஆட்சிமுறை முழுவதுமே இராஜகாரியம் என்னும் சேவைக் கடமைக்கு நிலத்தைப் பிணைத்து நின்றது; 1832ஆம் ஆண்டிலே ஆங்கிலேயர் அக்கடமையை நீக்கும்வரை, ஒருவன் எந்தக் காணியை உழுகிறான் என்பதே அவன் அரசனுக்கு என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்பதை உணர்த்திற்று. அவ்விராச்சியத்து முஸ்லிம்களுள் வைத்தியச் சேவைக்காக அரச சாசனமும் நிலமும் பெற்ற கோபாலர் பரம்பரை பிரசித்தமானது. மகியங்கனைக்கு அண்மையிலுள்ள பங்கரகம்மனையிலோ, இரண்டாம் இராஜசிங்கனை மறைத்துக் காத்து உயிர்விட்ட முஸ்லிம் பெண்ணொருத்தியின் நன்றிக்காக அரசன் நிலமளித்தான் என்னும் ஐதிகம் இன்றும் வழங்குகிறது.

ஆகவே படைத்துணைக்கு நிலம் என்னும் வரலாறு கீழ்க்கரையிலே வழங்குவதில் வியப்பில்லை. ஆனால் இப்பொதுமை இருபுறமும் வெட்டுவது. வழக்கத்தில் இருந்ததொன்று இங்கும் நிகழ்ந்திருக்கலாம் என நம்புவதற்கு அது இடந்தருகிறது. அதே வேளையில், பூர்வீகம் மறந்துபோன ஒரு சமூகம் தன் நிலவுரிமைக்கு ஒரு தொடக்கம் கற்பிக்க விரும்பினால் கைக்கெட்டும் முதற் கதையும் அதுவாகவே இருக்கும்.

ஏடு எஞ்சிய தேசத்தின் உதாரணம்

இத்தகைய கொடை ஏடுகளிலே பதிந்து எஞ்சியிருந்தால் முன்னோர் தேட்டம் எவ்வாறு நடைபெறும் என்பதை அறிய, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஆரம்பகாலப் படைநிலப் பத்திரங்களை ஒருகணம் நோக்குவது பயனுடைத்து. தன் விடுதலைப் போருக்கு ஆள் திரட்டவும், திரண்டவர் ஓடிவிடாது காக்கவும் பணமில்லாத அந்நாட்டுப் பேரவை, 1776 செப்டெம்பரிலே, போர் முடியும்வரை சேவை செய்யும் சாதாரணச் சிப்பாய்க்கு 100 ஏக்கரும் படைத்தலைவனான கேணலுக்கு 500 ஏக்கரும் வழங்குவதாக வாக்களித்தது. 1796ஆம் ஆண்டிலே ஒகாயோப் பிரதேசத்தில் இதற்கெனவே ஒரு நிலப்பகுதி ஒதுக்கப்பட்டது. 1812ஆம் ஆண்டுப் போரின் சிப்பாய்களுக்கு 160 ஏக்கர் வீதம் இலினோய் முதலிய இடங்களில் அளிக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டுச் சட்டமோ பதினான்கு நாட் சேவையே போதுமெனத் தளர்த்தி, இறந்தாரின் விதவைகளையும் உரிமையாளராக ஏற்றது.

இப்பத்திரங்களுக்கான விண்ணப்பங்கள் பல வாஷிங்டனிலுள்ள தேசியச் சுவடிக்கூடத்தில் ஓய்வூதியக் கோவைகளோடு சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. எனினும் அங்கும் மூன்று எச்சரிக்கைகள் ஆய்வாளரை வழிமறிக்கின்றன. 1800 நவம்பரிலே போர்த் திணைக்களத்தில் மூண்ட தீ அதற்கு முந்திய விண்ணப்பங்களை விழுங்கிவிட்டது. நிலப்பத்திரம் பெற்ற சிப்பாய்களுள் மிகப் பலர் அந்நிலத்தை ஒருநாளும் மிதியாமலே உரிமையை வியாபாரிகளுக்கு விற்றுவிட்டமையால், பத்திரத்திலே பெயரிருப்பது அங்கே வாழ்ந்தமைக்குப் பிரமாணமாகாது. ஒரே பெயருடைய பல சிப்பாய்கள் இருந்தமையால், சேர்ந்த படைப்பிரிவையும் சாட்சிகளின் ஊரையும் ஒப்புநோக்காமல் எவரையும் முன்னோர் எனக் கொள்ளுதல் தகாது.

இவற்றிலும் கருதத்தக்கது வேறொன்று. வம்ச சரித்திரம் எழுதுவோர் அக்கோவைகளிலே தேடியலைவது பெரும்பாலும் சிப்பாயின் விண்ணப்பத்தையன்று, விதவையின் விண்ணப்பத்தையே. சிப்பாய் தன் சேவையை நிரூபித்தாற் போதும். விதவையோ தன் விவாகத்தை நிரூபிக்கவேண்டியிருந்தது. அதன்பொருட்டுக் குடும்ப வேதப்புத்தகத்திலே பிறப்பும் இறப்பும் குறித்து வைத்திருந்த தாளையே கிழித்து இணைத்தவர்களும் உளர். ஆடவருக்கென ஏற்பட்ட கொடையின் ஏட்டிலே சந்ததியைக் காத்துத் தந்தவர்கள் பெண்கள் என்னும் இவ்வுண்மை, நமது கரையின் வினாவுக்கும் வேறொரு வகையிலே பொருந்துவதைப் பின்னர்க் காண்போம்.

செனரத் மன்னனின் குடியேற்றம்

முதற் கொள்கையின் மூலம் போர்த்துக்கேயருடையது. இலங்கையிலிருந்த போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா, தன் அரசனின் கட்டளையை நிறைவேற்றி, 1626ஆம் ஆண்டிலே தம் ஆட்சிப் பிரதேசங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினான். அவர்களைச் செனரத் தன் நாட்டினுட் சேர்த்துக்கொண்டு, மட்டக்களப்பிலே மாத்திரம் 4000 பேரை நிறுத்தினான் என்னும் செய்தியை, கோவாவிலிருந்து எழுதிய யேசுசபைப் பாதிரியார் பெர்னாவோ டி குவேறோஸ் அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலே பதிவு செய்தார். அருட்டந்தை எஸ். ஜி. பெரேராவின் ஆங்கில மொழிபெயர்ப்பாக அது 1930ஆம் ஆண்டில் அச்சேறிய பின்னரே நம்மவர் கட்டுரைகளிலும் மேடைகளிலும் இவ்வெண் நிலைபெற்றது. லோர்னா தேவராஜா முதலிய சரித்திராசிரியர் இதனைக் கண்டியரசர் முஸ்லிம்களுக்குக் காட்டிய ஆதரவின் சிறந்த உதாரணமாக எடுத்தாண்டுள்ளனர்.

குவேறோஸின் கூற்றிலே கவனிக்கத்தக்கது, அவர் அம்மக்களை வெறும் அகதிகளாகக் காட்டாமல் காவற்படையாகவே காட்டுவது. கண்டிக்குக் கீழ்க்கரை எவ்வளவு இன்றியமையாதது என்பதை நினைந்தால் இது பொருத்தமாகவே படும். மேற்குத் துறைமுகங்களை இழந்த மலைநாட்டுக்குக் கடல்வழியாய்த் திறந்திருந்த வாயில்கள் கிழக்கிலேயே இருந்தன. 1602ஆம் ஆண்டிலே ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் கண்டியை அடைந்ததும் மட்டக்களப்பு வழியாகவே. அவ்வாயிலைக் காக்கப் போர்த்துக்கேயரிடம் பகைகொண்ட, கடலறிந்த, வியாபாரம் தெரிந்த ஒரு கூட்டத்தைக் குடியிருத்தி, அவர் உண்ண வயல் கொடுத்தல் ஓர் அரசனுக்கு இயல்பான உபாயம். பழைய மட்டக்களப்பு நகரம் சம்மாந்துறைப் பக்கத்திலேயே இருந்ததென உள்ளூர் அறிஞரிடையே வழங்கும் கருத்தும் இக்கொள்கைக்குத் துணைசெய்கிறது. அவ்வாறாயின் 4000 பேர் நிறுத்தப்பட்ட மட்டக்களப்பு என்பது கரவாகு, சம்மாந்துறை, நிந்தவூர்ப் பற்றுக்களின் வயல்வெளியையே குறிக்கும், கல்முனைக்குடியும் அவ்வெளியின் கடலோரத்து விளிம்பாகும்.

இனி இதன் நலிவுகள். குவேறோஸ் எழுதியது நிகழ்ச்சிக்கு அறுபதாண்டளவு பிந்தி. பகைவரின் பெருக்கத்தைக் காட்டும் எண்களைப் போர்த்துக்கேயர் மிகைப்படுத்துவதற்குக் காரணமும் இருந்தது. 4000 என்பது ஆயுதம் தாங்கிய ஆடவரையா, பெண்டு பிள்ளைகள் உட்பட்ட மொத்தத் தொகையையா குறிப்பது என்பதில் விளைவு பெரிதும் மாறும். குடியேற்றத்துக்கு இரண்டே ஆண்டுகளின் பின், 1628இலே, போர்த்துக்கேயர் புளியந்தீவிலே கோட்டை கட்டத் தொடங்கிவிட்டனர். அத்தனை பெரிய காவற்படை அயலிலே நின்றிருந்தால் அம்முயற்சிக்கு நேர்ந்த எதிர்ப்பு இன்னும் உரத்த குரலில் நமக்குக் கேட்டிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இக்கொள்கை ஒரு கூட்டத்தின் வரவை விளக்குகிறதேயன்றி, இன்ன வளவு இன்னாருக்கு அளிக்கப்பட்டது என்று காட்டுவதில்லை. அமெரிக்கப் பத்திரத்திலே சிப்பாயின் பெயர் உண்டு. குவேறோஸின் ஏட்டிலே எண் மாத்திரமே உண்டு.

திமிலர் போர் ஐதிகம்

இரண்டாவது கொள்கை ஏட்டிலே பிறந்ததன்று, மக்கள் வாயிலே வளர்ந்தது. 1921ஆம் ஆண்டிலே எஸ். ஓ. கனகரத்தினம் வெளியிட்ட மட்டக்களப்பு மாவட்டம் பற்றிய ஆங்கில நூலும், 1962ஆம் ஆண்டிலே எப். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், 1964ஆம் ஆண்டிலே வி. சீ. கந்தையா எழுதிய மட்டக்களப்புத் தமிழகமும் இப்பிரதேசத்து மரபுகளை அச்சிலே நிலைநிறுத்தியவை. திமிலரை முக்குவர் முஸ்லிம் வீரரின் துணையோடு வடக்கே துரத்தினர் என்றும், திமிலர் மீண்டு வாராதபடி அவ்வீரரை ஏறாவூரிலே எல்லைக்காவலாக அமர்த்தினர் என்றும், தம் குலத்துப் பெண்களை அவர்களுக்கு விவாகம் செய்து கொடுத்தனர் என்றும் இம்மரபு கூறும். சத்துருக்கொண்டான் முதலாகச் சில ஊர்ப்பெயர்களை இப்போரின் தடங்களாகக் காட்டுவதும் உண்டு.

பெயர்களைக்கொண்டு போரை நிரூபிப்பது ஆபத்தான முறை என்பதைச் சொல்லாமலிருக்க இயலாது. பெயர் முன்னரே இருந்து கதை பின்னர் அதனைத் தழுவி எழுந்திருத்தலும் கூடும். இதனினும் பெரிய குறை பூகோளம் சம்பந்தமானது. இவ்வைதிகம் மட்டக்களப்பு நகருக்கு வடக்கேயுள்ள ஏறாவூரைத் தெளிவாக விளக்குகிறது. நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்முனைக்குடியையும், அதனையடுத்த சாய்ந்தமருதையும், அப்பாலுள்ள நிந்தவூரையும் அக்கரைப்பற்றையும் விளக்குவதற்கு, ஏறாவூரிலிருந்து தெற்கு நோக்கிய ஒரு பரவலை நாம் மேலும் கற்பிக்க வேண்டியிருக்கிறது. காலக்கிரமமும் இல்லை; போர் எந்த நூற்றாண்டிலே நிகழ்ந்தது என்பதிலும் ஒருமித்த கருத்து இல்லை.

ஆயினும் செனரத் வரலாற்றுக்கு இல்லாத ஒரு பலம் இதற்கு உண்டு. கீழ்க்கரை முஸ்லிம்களிடையே இன்றளவும் காணப்படும் தாய்வழிக் குடிமுறையை இது இயல்பாகவே விளக்கிவிடுகிறது. வந்த வீரன் பெண் கொண்ட இடத்திலே தங்கினான் என்றால், அவன் பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்ந்தமைக்கும் தாயின் வளவிலே வாழ்ந்தமைக்கும் வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

இம்மரபு இரு சமூகத்தாரிடையேயும் இருவேறு தொனியில் சொல்லப்படுவதையும் இங்கே குறித்தல் வேண்டும். முக்குவர் வழியினர் கூறும்போது கொடுத்தவரின் பெருந்தன்மை முன்னிற்கிறது. முஸ்லிம்கள் கூறும்போது காத்தவரின் வீரம் முன்னிற்கிறது. அண்மைப் பத்தாண்டுகளில் இக்கரையைக் கிழித்த கசப்புகளின் பின், நிலம் யாருடையது என்னும் வழக்கிலே இக்கதையைச் சாட்சிக்கூண்டில் ஏற்ற முயல்வோரும் தோன்றியுள்ளனர். இரு சாராரையும் மைத்துனராக்கிய ஒரு நினைவை அவ்வாறு பயன்படுத்துவது அந்நினைவுக்கே இழைக்கும் அநீதியாகும்.

மலையாளத் தொடர்பு

மூன்றாவது கொள்கை மானிடவியலாளருடையது. நூர் யல்மன் 1967ஆம் ஆண்டு நூலிலே கீழ்க்கரையின் தாய்வழி முறையை இலங்கையின் ஏனைய உறவுமுறைகளோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். அக்கரைப்பற்றிலே நெடுங்காலம் ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்றே, 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலே, தமிழரும் முஸ்லிம்களும் பகிர்ந்துகொள்ளும் இக்குடிமுறையின் வேர்களை மலையாளக் கரையை நோக்கிக் கொண்டு செல்கிறார். மாகனின் கேரளப் படை, அதன் வழியிலே அதிகாரம் பெற்ற முக்குவர், தாய்வழி வழக்கமுடைய மாப்பிள்ளை முஸ்லிம்களும் மரைக்காயரும் என்று இத்தொடர்பு விரிகிறது. காயல்பட்டினத்திலும் பெண்வீட்டிலே மணமகன் சென்று வாழும் வழக்கம் உள்ளமை இதற்கு மேலும் துணை.

இக்கொள்கையை ஏற்றால், கீழ்க்கரைக்கு வந்த முஸ்லிம்கள் தாய்வழி முறையை இங்கே கற்றுக்கொண்டார்களா, அல்லது தம்முடனேயே கொண்டுவந்தார்களா என்னும் கேள்வி பிறக்கிறது. கொண்டுவந்தார்களெனில், திமிலர் போர் ஐதிகத்துக்கு மேலே நாம் கண்ட பலம் குன்றிவிடும். குடும்பம் குடும்பமாக வந்த செனரத் காலத்து அகதிகளும் அம்முறையை உடையவராய் இருந்திருக்கலாம். கற்றுக்கொண்டார்களெனில், பெண் கொடுத்த வரலாறு வலுப்பெறும். சில குடிப்பெயர்கள் இரு சமூகத்துக்கும் பொதுவாயிருத்தல் பின்னதற்குச் சார்பாகவும், முஸ்லிம்களுக்கே தனியுரிய குடிப்பெயர்கள் பலவாயிருத்தல் முன்னதற்குச் சார்பாகவும் நிற்கின்றன. மக்கில்வ்றேயின் கொள்கை ஒரு முறையின் தோற்றத்தை விளக்குவதிலே சிறந்தது; ஆட்களின் வரவைக் காலத்தோடு காட்டுவதிலே அதுவும் அநுமானத்தையே நம்பியிருக்கிறது.

இராமநாதன், அசீஸ் வாதம்

இலங்கை முஸ்லிம்களின் பூர்வீகம் பற்றிய புகழ்பெற்ற வாதம் இவ்வாராய்ச்சிக்குத் தருவது சிறிதே. 1888ஆம் ஆண்டிலே பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் காயல்பட்டினம் முதலிய தமிழகக் கரைகளிலிருந்து வந்த தமிழரே எனக் கூறினார். 1907ஆம் ஆண்டிலே ஐ. எல். எம். அப்துல் அசீஸ் அதனை மறுத்து அராபியப் பூர்வீகத்தை நிலைநாட்ட முயன்றார். சட்டநிரூபண சபையில் யார் யாருக்காகப் பேசுவது என்னும் அரசியல் வினா அவ்வாதத்தின் பின்னே நின்றது. அராபியக் குடியேற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படும் மரபை 1827இலே பதிவு செய்த சேர் அலெக்சாந்தர் ஜோன்ஸ்தன், திருக்கோணமலை, யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம், கொழும்பு, பேருவளை, காலி என ஆதிக் குடியேற்றங்களை வரிசைப்படுத்துகையில் மட்டக்களப்பைச் சேர்க்கவில்லை. மேற்குக்கரைப் பிரமுகர் இருவரின் வாதமாகவே அது நடந்து முடிந்தது. இலங்கையிலே முஸ்லிம்கள் செறிந்து வாழும் நெல்வயற் பிரதேசம் இரு தரப்பாராலும் ஓரத்திலே விடப்பட்டது.

தாய்வழியே செல்லும் நிலம்

மேற்கூறிய கொள்கைகள் அனைத்தும் ஒரு முன்னோனைத் தேடுகின்றன: அரசனிடம் நிலம் பெற்ற காவலன், முக்குவரிடம் பரிசு பெற்ற வீரன், மாகனோடு வந்த படையாள், கப்பலேறி வந்த அராபியன். ஆனால் கல்முனைக்குடியின் நிலம் எவ்வழியே கைமாறி வந்திருக்கிறது என்பதை நோக்குவோமாயின், இத்தேட்டத்தின் திசையே பிழைத்துவிட்டதோ என்னும் ஐயம் எழாமற்போகாது.

இக்கரையிலே மகளுக்கு விவாகம் நிச்சயிக்கும்போது வீடும் வளவும் சீதனமாக அவளுக்கே எழுதப்படுவது வழக்கம். மாப்பிள்ளை அவ்வீட்டுக்குச் செல்கிறான். பெற்றோர் அயலிலே வேறொரு சிறு வீடமைத்து ஒதுங்குகின்றனர். அடுத்த மகளுக்கு அடுத்த துண்டு. இதன் பயனாக ஒரே ஒழுங்கையிலே அக்காளும் தங்கையும், அவர்தம் புதல்வியரும், உம்மாவின் உடன்பிறந்தாருமாகப் பெண்வழிச் சுற்றம் ஒருங்கே குடியிருக்கிறது. ஆடவன் ஊர் கடந்து வந்தவனாயினும், அடுத்த தெருவிலிருந்து வந்தவனாயினும், அவன் குடி அவ்வளவிலே வேர்கொள்வதில்லை. பிள்ளைகள் தாயின் குடியைச் சேர்வர். பள்ளிவாசல் நிருவாகத்திலே குடிக்கொரு மரைக்காயர் பிரதிநிதியாக இருந்த பழைய ஒழுங்கும் இக்கணக்கையே அடிப்படையாகக் கொண்டது. 1806ஆம் ஆண்டின் முகம்மதியர் சட்டக்கோவை 1852இலே முழுத் தீவுக்கும் விரிக்கப்பட்டு, மரணத்தின் பின் சொத்து ஷரீஅத் முறைப்படி பங்கிடப்பட்டபோதும், விவாகத்தின் போதே மகளுக்கு நன்கொடையாக எழுதிவிடும் பழக்கத்தினால் வீட்டு நிலம் தாய்வழியே தொடர்ந்தது.

இதனைப் படைநில வரலாறுகளோடு பொருத்திப் பார்க்க வேண்டும். திமிலர் போர் ஐதிகம் உண்மையென்றே கொள்வோம். வீரன் ஒருவன் நிலமும் மனைவியும் பெற்றான். ஒரு தலைமுறைக்குள்ளே அந்நிலம் அவன் மகளுக்குச் சீதனமாயிற்று. அவள் தன்னைத் தாயின் குடியினள் என்றாள். அவள் மகளும் அவ்வாறே. மூன்று தலைமுறை கழிந்தபின் அவ்வளவிலே வாழ்வோரின் நினைவில் அவ்வீரனுக்கு இடமேது? குடிக்கணக்கு அவனை ஒருபோதும் எண்ணியதில்லை. இம்முறை நிலைபெற்ற இடத்திலே, படைச்சேவைக்கு நிலம் பெற்ற ஆடவனின் பெயர் அழிந்து, அவன் மணந்த பெண்ணின் குடிப்பெயர் நிலைத்திருப்பதே எதிர்பார்க்கத்தக்கது. வீரனின் பெயர் கிடைக்கவில்லை என்பதைக்கொண்டு ஐதிகம் பொய்யென்று சாதிப்பதற்கில்லை. அவ்வாறே ஐதிகம் மெய்யானாலும், அதன் வழியே எந்தக் குடும்பமும் தன் வீரனைச் சென்றடைவதற்கில்லை.

பெயரிடும் முறை இச்சிக்கலை மேலும் இறுக்குகிறது. ஒருவரின் பெயரோடு தந்தையின் பெயரே சேர்த்து எழுதப்படுகிறது. காவின் என்னும் விவாகப் பதிவிலும் பிறப்புப் பதிவிலும் தந்தைவழியே முன்னிற்கிறது. நிலமோ தாய்வழி. அரசாங்க ஏட்டைப் பின்பற்றுவோர் வாப்பாவின் வாப்பாவைத் தேடி இரண்டு மூன்று தலைமுறையிலே வேறோர் ஊருக்குச் சென்றுவிடுவர். காணி உறுதியைப் பின்பற்றுவோர் உம்மாவின் உம்மாவைத் தேடி அதே ஒழுங்கையிலே ஆழ்ந்து செல்வர்.

எஞ்சியுள்ள ஏடுகளும் அவற்றின் எல்லையும்

காணி கைமாற்றம் நொத்தாரிசின் முன்னிலையிலே எழுத்தில் நிகழ வேண்டுமென 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. காணிப்பதிவு 1863ஆம் ஆண்டுச் சட்டத்தோடு ஒழுங்குபெற்றது. ஆகவே சீதன உறுதிகளின் சங்கிலி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை செல்லத்தக்கது. உறுதியொன்றிலே, கொடுப்பவருக்கு அக்காணி எவ்வாறு உரித்தாயிற்று என்னும் வாசகம் ஒரு தலைமுறையை முன்னே தள்ளுகிறது; நாற்புறத்து எல்லைகளிலே குறிக்கப்படும் அயலாரின் பெயர்கள் உடன்பிறந்த பெண்களைக் காட்டிக்கொடுக்கின்றன. முதுசம், சீதனம், நன்கொடை, விலை என்னும் உரிமை வகைகளைப் பிரித்துணர்பவருக்கு ஓர் உறுதியே சிறு வம்சாவளியாகும்.

2004 டிசம்பர் 26இலே கடல் பொங்கி, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரங்களை அழித்தபோது, ஆயிரக்கணக்கான உயிர்களோடு பெட்டகங்களிலிருந்த மூல உறுதிகளும் சென்றன. எனினும் உறுதியின் பிரதியொன்று நொத்தாரிசிடமும், மற்றொன்று காணிப்பதிவகத்திலும் இருத்தல் சட்டத்தின் ஏற்பாடு; அமெரிக்கத் தீக்கு முந்திய பத்திரங்களுக்கு இல்லாத இப்பாக்கியம் இங்கே உண்டு. கடற்கரையை அண்டிய வளவுகளின் பெண்வழித் தொடரை மீளக் கட்டுவதற்கு இப்பிரதிகளினும் சிறந்த மூலம் வேறில்லை.

வயற்காணியின் நிலை வேறு. வட்டையும் கண்டமும் அவணக் கணக்கும் கொண்டு எழுதிய பழைய உறுதிகளை இன்றைய நிலத்திலே பொருத்திக் காண்பது கடினம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1850களிலே இறக்காமம், அம்பாறைக் குளங்களைத் திருத்துவித்தமையும், 1949இலே தொடங்கிய கல்லோயாத் திட்டமும் வாய்க்கால்களையும் எல்லைகளையும் மாற்றிவிட்டன. அன்றியும் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத தரிசு நிலத்தை முடிக்குரியதெனக் கொண்டமையால், அரசன் தந்தான் என்னும் நினைவு அக்காலத்திலே புதிய மதிப்பொன்றைப் பெற்றிருத்தல் கூடும். ஐதிகம் அப்போது பிறந்தது என்று கூறுவதற்கில்லை; உரத்துச் சொல்லப்படுவதற்கு அப்போது காரணம் தோன்றியது எனலாம்.

1840க்கு அப்பால் வழி குறுகுகிறது. தென்மேற்கிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் எழுதிய தோம்புகள் குடும்பங்களைப் பெயரோடும் காணியோடும் காட்டுகின்றன. கீழ்க்கரையிலோ கண்டியரசன் தன் உரிமையை முறைப்படி விட்டுக்கொடுத்தது 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே. அதன்பின் ஒல்லாந்தர் ஆட்சி எஞ்சியது முப்பது ஆண்டு மாத்திரம். அக்காலத்து மட்டக்களப்புத் தலைமையதிகாரியாக இருந்து நெற்செய்கையைப் பெருக்கிய சுவிஸ்காரர் ஜேக்கப் பேர்னாண்ட் 1794இலே எழுதிய அறிக்கை, மக்களையும் விளைச்சலையும் பற்றிய அரிய ஆவணம். ஆயினும் அது சமூகத்தை வருணிப்பது, குடும்பங்களை எண்ணுவதன்று.

தீராது நிற்பவை

இரு பெரும் வரலாறுகளும் ஒன்றையொன்று விலக்குவன என்று கொள்ள வேண்டிய அவசியம் காணப்படவில்லை. முக்குவரோடு உறவு பூண்ட ஒரு முந்திய முஸ்லிம் குடியிருப்பு வடக்கிலே இருந்திருக்கலாம். 1626இலே வந்தவர்கள் தெற்கிலே, கரவாகு, சம்மாந்துறை வயல்களை அண்டி, அதனோடு இணைந்திருக்கலாம். முற்றிலும் அந்நியமான கரையிலே அத்தனை பேரை அரசன் நிறுத்தினான் என்பதைவிட, மொழியும் மார்க்கமும் அறிந்தோர் சிலரேனும் இருந்த இடத்துக்கு அனுப்பினான் என்பதே நம்பத்தக்கது. படைச்சேவை என்னும் அம்சத்தைப் பொறுத்தவரை, செனரத் வரலாற்றிலே அது ஏட்டின் ஆதாரமுடையது, ஆனால் ஆளில்லாதது. திமிலர் வரலாற்றிலே அது குடிமுறையின் ஆதாரமுடையது, ஆனால் காலமில்லாதது.

இவற்றுக்கிடையே தீர்ப்புச் சொல்லத்தக்க சான்று ஒன்று இன்னும் கைக்கெட்டும் தூரத்திலே உள்ளது. ஏறாவூரிலிருந்து காத்தான்குடி, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் ஈறாக ஒவ்வொரு பள்ளிவாசலின் மரைக்காயர் குடிகளையும் ஊர்தோறும் வரிசைப்படுத்தி, அயற்றமிழ் ஊர்களின் குடிப்பெயர்களோடு ஒப்பிட்டால், பொதுக் குடிகள் வடக்கிலே செறிந்து தெற்கிலே அருகுகின்றனவா, அன்றி எங்கும் சமமாய்ப் பரந்துள்ளனவா என்பது தெரியவரும். வடக்கிலே செறியுமாயின் இருமுறை வரவு என்னும் அநுமானம் உறுதிப்படும். சமமாயின் செனரத் காலத்துக் கூட்டமும் உள்ளூர்க் குடிகளிலே பெண் கொண்டு கலந்ததென்றே கொள்ள நேரும். பொதுக் குடிகள் எங்குமே அரிதாயின் மலையாளக் கரையை நோக்கிய கொள்கை முன்னிற்கும். குடிப்பெயரைத் தெளிவாகக் கூறவல்ல தலைமுறையினர் ஊர்தோறும் அருகிவருகின்றனர். மரைக்காயர் முறைக்குப் பதிலாகத் தெரிவு செய்யப்பட்ட நம்பிக்கையாளர் சபைகள் வந்துவிட்ட இடங்களில் அப்பெயர்களைச் சொல்லவேண்டிய சந்தர்ப்பமே குறைந்துவிட்டது. கொழும்பிலும் த ஹேக்கிலும் லிஸ்பனிலும் உள்ள சுவடிகள் மேலும் சில ஆண்டுகள் காத்திருக்கும். இக்கணக்கெடுப்பு அவ்வாறு காத்திராது.